றலியா டீச்சரின் ஒரே சட்டம்

றலியா டீச்சருக்குக் கட்டுகஸ்தோட்டையில் வீடு. முழங்கால் வலியால் பாடசாலை வேலையை முன்கூட்டியே விட்டவர். மூன்று வருடமாக வாட்ஸ்அப் குழு ஒன்றில் தமிழ் ஆட்களுக்குச் சிங்களம் படிப்பித்து வந்தார். நானும் அதில் ஒருவன். பன்வில தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டித் துணிக்கடைக்கு வேலைக்கு வந்தவனுக்குச் சிங்களம் தடுமாறினால் முதலாளி எத்தனை நாள் பொறுப்பார்?

டீச்சரிடம் ஒரே சட்டம். காலையில் ஆளுக்கொரு குரல் பதிவு அனுப்ப வேண்டும். பிழையாகப் பேசினாலும் அழிக்கக் கூடாது.

"பிழைய ஒளிச்சா நான் எதத் திருத்துற? இங்க யாரும் சிரிக்க மாட்டாங்க, அதுக்கு நான் பொறுப்பு" என்பார். அதை நம்பித்தான் நாற்பது பேர் வாய் திறந்தோம்.

எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் வேலாயி அக்காவை நான்தான் குழுவில் சேர்த்துவிட்டேன். அவருக்குப் பெண்களுக்கு வரும் ஒரு நோய். ஆஸ்பத்திரியில் டாக்டர் சிங்களத்தில் கேட்பதை மகன்தான் தமிழில் சொல்வான். பெற்ற பிள்ளையிடம் அதையெல்லாம் எப்படிச் சொல்வது? பாதியை விழுங்கிவிட்டு மாத்திரையோடு திரும்புவார். அடுத்த கிளினிக்கில் டாக்டரிடம் தானே பேச வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. எட்டு மாதத்தில் ஓரளவு பேச்சு வந்துவிட்டது.

டீச்சருக்குப் போன் நுணுக்கம் அவ்வளவாகத் தெரியாது. குழுவைப் பார்த்துக்கொண்டவன் ஃபாஸில். டீச்சரின் முதல் மாணவன், போன் திருத்தும் கடைக்காரன். 'மகன்' என்றுதான் டீச்சர் கூப்பிடுவார்.

ஒரு நாள் கடையில் மதியச் சாப்பாட்டு நேரம் டிக்டொக்கில் ஒரு வீடியோ வந்தது. தோட்டத்து ஆட்கள் சிங்களம் பேசும் அழகு என்று தலைப்பு. குரலுக்கு ஏற்றபடி ஒரு கார்ட்டூன் வாயசைத்தது. நான் விழுந்து விழுந்து சிரித்து, முடியும் முன்பே மூன்று பேருக்கு அனுப்பியும் விட்டேன். நான்காவதாக வந்த குரல் என்னுடையது. அதற்கடுத்தது வேலாயி அக்கா, டாக்டரிடம் நோயைச் சொல்லிப் பழகிய பதிவு. சிரித்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வீடியோவைப் போட்ட கணக்கு ஃபாஸிலின் கடையுடையது. டீச்சர் அவனுக்குப் போன் எடுத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"யார்ட பேரும் போடல்லயே டீச்சர். நாலு பேர் பார்த்தாத்தானே நம்மட வகுப்புக்கு ஆள் வரும்" என்றான். குரலில் ஒரு கூச்சமும் இல்லை.

"வகுப்பு என்ட. வாக்கும் என்ட" என்று டீச்சர் போனை வைத்தார். பாவி, அவர் கை பிடித்துப் பேசப் பழகியவன்.

அவன் வீடியோவை எடுத்தான். ஆனால் அதற்குள் அது ஊரெல்லாம் போய்விட்டது. குழுவில் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். டீச்சரும் சேர்ந்துதான் செய்தார் என்று சிலர் எழுதிவிட்டே போனார்கள். வேலாயி அக்காவும் குழுவை விட்டுப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழங்காலைப் பிடித்துக்கொண்டு டீச்சர் பன்வில தோட்டத்துக்குப் பஸ் ஏறினார். வழிகாட்ட நானும் போனேன்.

"வாங்க டீச்சர், ஒக்காருங்க" என்று வேலாயி அக்கா கதிரையைத் துடைத்துப் போட்டார். தேத்தண்ணி கொடுத்தார். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. ஏசியிருந்தால் டீச்சர் தாங்கியிருப்பார்.

"நான் செய்யல்ல, வேலாயி."

"தெரியுங்க டீச்சர். ஆனா அந்த வீடியோவ எங்கிட்ட கொண்டாந்து காட்டுனது எம்மகன்."

டீச்சர் தலை குனிந்தார். பிறகு வகுப்பில் கேட்பது போலவே மெதுவாக, கிளினிக் எப்போது என்று சிங்களத்தில் கேட்டார். வேலாயி அக்காவுக்கு விளங்கியது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"வர்ற வியாழக்கெழமங்க" என்றார் தமிழில்.

"நான் கூட வாறன். டாக்டர்ட்ட நான் பேசுறன்."

"வேணாங்க டீச்சர். மகன் வர்றான்."