அமாவாசையன்றும் மரத்த கால்கள்

முள்ளிப்பட்டில் பட்டு நெய்யும் பரிமளாவுக்குக் கால் மரத்துப்போவது புதிதல்ல. தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதித்துக்கொண்டே இருந்தால் யாருக்கும் மரக்கும். அதனால், அவளுக்கு வந்திருந்த வயிற்றுப்போக்கு நின்ற அடுத்த வாரம் பாதங்களில் ஊசி குத்துவது போல இருந்தபோதும், அவள் தறியைத்தான் திட்டினாள்.

அமாவாசை வந்தது. அன்று அந்தத் தெருவில் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். ஆனாலும் பரிமளாவின் கால்கள் மரத்தன. அடுப்படியிலிருந்து எழுந்தவள் அப்படியே மடங்கி விழுந்தாள்.

"தறி மேலயே பழி போட்டுகினு இருந்தியே, இன்னிக்கி எந்தத் தறில உட்கார்ந்த?" என்று கேட்டுக்கொண்டே கணவன் சந்திரமோகன் அவளைத் தூக்கி உட்காரவைத்தான். உடனே கார் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

நரம்பு டாக்டர் முதலில் வயிற்றைப் பற்றித்தான் விசாரித்தார். வயிற்றுப்போக்கைக் கொடுத்த கிருமிதான் இதற்கும் காரணம் என்றார். பரிமளாவுக்கு அழுகையையும் மீறி ஆச்சரியம்.

"வயித்துல வந்த கிருமி காலுக்கு எப்படிங்க எறங்கிச்சி?"

"கிருமி எறங்கலைம்மா. அது மேல இருக்கிற ஒரு பொருளும் உங்க நரம்பு மேல இருக்கிறதும் ஒரே மாதிரி. கிருமியை அடிக்க உடம்பு உண்டாக்கின எதிர்ப்பு சக்தி, ஆள் தெரியாம நரம்பையும் அடிக்குது."

"என் உடம்பே என்னைய அடிக்குதா? மறுபடி தறி மிதிப்பேனாங்க?"

"மூச்சைப் பாதிக்கிறதுக்குள்ள வந்துட்டீங்க. முக்கால்வாசிப் பேருக்கு மெதுவா சரியாகிடும்."

அசையாத கால்களோடு படுத்திருந்தவளுக்கு நாள்கணக்கில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏறியது. ஒரு காலையில் சந்திரமோகன் அவள் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது, அவளுடைய கட்டைவிரல் அவன் உள்ளங்கையைத் தள்ளியது. அவன் வாய்விட்டு அழுதான். பரிமளாவோ டாக்டர் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நரம்பை அடிப்பதை உடம்பு எப்படி நிறுத்தியது என்று அவரிடம் கேட்க வேண்டும்.