பட்டியலில் மூன்றாவது இடம்

தூங்குவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. இதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். விடியுமுன் மலேசியப் பக்கம், உலு திராமில் கம்பெனி பஸ் ஏறினால், உட்கார்ந்த அடுத்த நிமிடம் கண் சொருகிவிடும். குடிநுழைவுச் சோதனைச் சாவடியில் பஸ் பிரேக் போடும்போது தானாகத் திறக்கும். இறங்கி, கடப்பிதழைக் காட்டி, மறுபடி ஏறி, மறுபடி தூக்கம். பாலத்துக்கு அந்தப் பக்கமும் அதே கதை. இடம் கிடைக்காத நாளில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே தூங்கியிருக்கிறேன். சிங்கப்பூர் வேலைக்குத் தினமும் போய் வருகிற எல்லாருக்கும் இந்த வித்தை தெரியும். ஆனால் அதில் நான் ராணி. "இவ செத்தாக்கூட நமக்குத் தெரியாது லா" என்று பஸ்ஸில் கூட வருகிறவர்கள் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

மகளுக்கு அப்போது நாலரை வயது. அவள் அப்பா எங்களோடு இல்லை. அந்தக் கதை இங்கே வேண்டாம், எழுதினால் எனக்கு இரத்தக் கொதிப்பு ஏறும். நாலு வீடு தள்ளி இருக்கிற ஓர் அக்காதான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். மகளுக்கு அவர் பெரியம்மா. நான் வேலைக்குக் கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். போர்வையோடு தூக்கிப் போய் அக்கா வீட்டில் கிடத்துவேன். திரும்பி வரும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். அதே போர்வையோடு தூக்கி வருவேன். வாரத்தில் ஆறு நாள் என் பிள்ளை எனக்கு ஒரு மூட்டைதான்.

மிச்சம் ஞாயிறு. அன்றைக்கும் நான் மதியம்வரை தூங்குவேன். ஒரு ஞாயிறு அவள் வந்து என் இமையை விரலால் பிரித்துப் பார்த்தாள். எரிச்சலில் கத்திவிட்டேன். "அம்மா கண்ண மூடிட்டா, வேலைக்குப் போயிட்டேன்னு நெனச்சுக்கோ. எழுப்பாத. போய் வெளயாடு." அதற்குப் பிறகு அவள் ஒரு நாளும் என்னை எழுப்பவில்லை. என்ன சமத்துப் பிள்ளை என்று பஸ்ஸில் பீற்றிக்கொண்டேன்.

பிறகு அவளுக்கு ஒரு முறை கடும் காய்ச்சல் வந்தது. லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறக்காமலே "பெரியம்மா" என்று முனகினாள். "அம்மா இருக்கேன்டி தங்கம்" என்றேன். என் கையைத் தள்ளிவிட்டு, "பெரியம்மா வேணும்" என்று அழுதாள். நேரே அக்கா வீட்டு வாசலில் போய் நின்று, "பிள்ளய பாத்துக்கச் சொன்னேன், எடுத்துக்கச் சொல்லல" என்றேன். பெற்ற பிள்ளைபோல் பார்த்தவரிடம் பேசுகிற பேச்சா அது! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது இப்போது.

அக்காவும் சளைத்தவர் இல்லை. "நான் ஏம்மா எடுத்துக்கறேன்? ஞாயித்துக்கிழமையாச்சும் பிள்ளய நாலு எடத்துக்குக் கூட்டிட்டுப் போ. நீ பாட்டுக்குக் கவுந்தடிச்சுப் படுத்துக் கெடந்தா அது யாரத் தேடும்?"

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றே கைப்பேசியில் தேடி, ஜொகூரில் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிற இடங்கள் என்று எட்டு இடங்களை எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டினேன். மிருகக்காட்சி சாலை, கடலோரப் பூங்கா, பேரங்காடி விளையாட்டு இடம், குளுவாங் பக்கம் ஓர் ஆட்டுப் பண்ணை, தங்காக் பக்கம் மலையடி ஓடை, இப்படி. எட்டு ஞாயிறு. அடுத்த காய்ச்சலில் அவள் என்னைத்தான் கூப்பிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதல் ஞாயிறு மிருகக்காட்சி சாலை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கூண்டுக்குக் கூண்டு ஓடினாள். ஒட்டகத்துக்கு எதிரே ஒரு நிழலான பெஞ்சு இருந்தது. காலாற ஐந்து நிமிடம் என்றுதான் உட்கார்ந்தேன். கண் விழித்தபோது வெயில் பெஞ்சுக்கே வந்துவிட்டது. அவள் என் பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, ஒட்டகம் மூணு தடவ ஆய் போச்சு."

"ஏன்டி எழுப்பல?"

அவள் ஒட்டகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரித்துவிட்டு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். சிங்கம் இருந்த பக்கம் போக நேரமில்லை.

இரண்டாம் ஞாயிறு கடலோரப் பூங்கா. அங்கே தூங்கவில்லை, சத்தியமாகத் தூங்கவில்லை. மழை பிடித்துக்கொண்டதால் கூரைக்குக் கீழே நின்றோம். நீருக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர்க் கட்டடங்கள் மங்கலாகத் தெரிந்தன. அவள் விரலை நீட்டி, "அதானே அம்மா உங்க வீடு?" என்று கேட்டாள்.

"லூசு. என் வீடு ஒன் வீடுதான்டி. அங்க அம்மா வேலதான் செய்யறேன்."

"ம்" என்றாள். நம்பிய மாதிரித் தெரியவில்லை. எனக்குச் சுருக்கென்றது. அடுத்த வாரம் அவளை நன்றாகச் சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது, ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடி. கீழ்த்தளத்தில் மெத்தை விரித்து, சறுக்குமரம் போட்டு, பிள்ளைகள் விளையாட இடம் விட்டிருந்தார்கள். சுற்றிலும் பெற்றோருக்குப் பஞ்சு இருக்கைகள். முந்தின நாள் நான் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்திருந்தேன். அதனால் வரும் வழியிலேயே பால் விடாமல் கெட்டியாக ஒரு கோப்பி ஓ குடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சறுக்குமரத்தில் ஏறினாள். "அம்மா, பாருங்க!" பார்த்தேன், கைதட்டினேன். மறுபடி ஏறினாள். "அம்மா, பாருங்க!" மறுபடி கைதட்டினேன். ஆறேழு தடவை அப்படி நடந்தது. கடைசியாக "அம்மா, பாருங்க" என்ற சத்தம் காதில் விழுந்தது ஞாபகம் இருக்கிறது. பார்த்தது ஞாபகம் இல்லை.

அந்த இருக்கை பிரேக் போடாது. கண் திறந்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிருந்தது. சறுக்குமரத்தில் வேறு பிள்ளைகள். அவள் கழற்றி வைத்த இடத்தில் செருப்பும் இல்லை.

ஐயோ, அந்த நிமிடத்தை எப்படி எழுதுவேன்? பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு மின்படிக்கட்டில் ஏறினேன், இறங்கினேன். கழிப்பறைக் கதவுகளைத் தட்டினேன். வெளியே கார் நிறுத்துமிடத்துக்கு ஓடிப்போய் வெள்ளை வேன் ஒன்றின் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தேன். உள்ளே ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அலமாக், அவர் பயந்தே போனார். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த ஓட்டத்தின் நடுவிலும், அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று ஒரு நினைப்பு வந்தது. பிள்ளை போய்விட்டது, எனக்கு மானம் போகிற கவலை!

காவலாளி ஒருவர் என்னைத் தகவல் முகப்புக்கு அழைத்துப் போனார். அவர் நடந்த நடைக்கு, அவரையும் தூக்கிக்கொண்டு ஓடலாம் போல இருந்தது.

முகப்புக்குப் பின்னால், உயரமான நாற்காலியில் மகள் உட்கார்ந்திருந்தாள். காலைத் தொங்கவிட்டு, பிஸ்கட்டை நுனியிலிருந்து கொறித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அழுத தடமே இல்லை. பக்கத்தில் நின்ற பெண் நம் ஆள்தான், தமிழ்ப் பிள்ளை, சின்ன வயது. எனக்கு வந்த நிம்மதி அப்படியே கோபமாகத் திரும்பியது.

"இவ்ளோ நேரமா பிள்ள இங்க இருக்கு. மைக்ல ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களா?"

"சத்தம் போடாதீங்கக்கா. பாப்பா தானா நடந்து வந்து இங்க நின்னுச்சு. அம்மா எங்க பாப்பானு கேட்டேன். வேலைக்குப் போயிட்டாங்கன்னுச்சு. எங்க வேலனு கேட்டா சிங்கப்பூர்ங்குது. அம்மாவே இங்க இல்லனு சொல்றப்ப, யாருக்கு நான் மைக்ல சொல்றது? அப்புறம் ஒரு போன் நம்பர் ஒப்பிச்சுச்சு. அடிச்சேன். பெரியம்மாவாம். வந்துக்கிட்டு இருக்காங்க." மூச்சுவிட்டுவிட்டுக் கேட்டாள். "ஆமா, நீங்க யாரு?"

"யாரா? நான்தான் அம்மா!"

அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பிறகு என் மகள் பக்கம் குனிந்து, "பாப்பா, இவங்க யாரு?" என்று கேட்டாள்.

மகள் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். பிஸ்கட்டைக் கீழே வைத்தாள்.

"அம்மா! வேல முடிஞ்சிருச்சா?"

அந்தப் பெண் ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். என் பெயரை எழுதவே எனக்கு வரவில்லை.

அக்கா தன் பழைய காரில் வந்து சேர்ந்தார். வந்ததும் என்னைக் கிழிகிழி என்று கிழிப்பார் என்று காத்திருந்தேன். கிழித்திருக்கலாம். அவர் பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு, என்னைப் பார்த்து, "ஏறும்மா, போலாம்" என்று மட்டும் சொன்னார்.

பின் இருக்கையில் மகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தெப்ராவ் சாலையில் கார்கள் நகராமல் நின்றன. அவள் முகத்தை என் பக்கம் திருப்பிக் கேட்டேன்.

"அம்மா அங்கயேதானே இருந்தேன். ஏன்டா வேலைக்குப் போயிட்டேன்னு சொன்ன?"

"நீங்க கண்ண மூடிட்டீங்க."

"மூடினா?"

"வேலைக்குப் போயிட்டீங்கனு நெனச்சுக்கணும். எழுப்பக் கூடாது." நான் ஏதோ மறந்துவிட்டதுபோல எனக்கு விளக்கினாள். "நீங்கதானேம்மா சொன்னீங்க."

அக்கா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். பிறகு சாலையைப் பார்த்தார். நான் பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு கதறி அழுதேன். "அம்மா தெரியாம சொல்லிட்டேன்டா. இனிமே ஒன் முன்னால கண்ண மூட மாட்டேன். சத்தியமா மூட மாட்டேன்." அவள் "சரி" என்றாள். என் மூக்கைத் தன் கவுன் நுனியால் துடைத்துவிட்டாள்.

கார் மெல்ல நகர ஆரம்பித்தது. குளிர்காற்று முகத்தில் அடித்தது. இருக்கைக்குக் கீழே இன்ஜின் ஒரே சீராக அதிர்ந்தது, கம்பெனி பஸ்ஸில் அதிர்கிற அதே அதிர்வு. பாழாய்ப்போன உடம்பு. இன்றைக்குமா, அழுத கண்ணீர் காயுமுன்னேயா? உதட்டைக் கடித்தேன். தொடையைக் கிள்ளினேன். சன்னலைத் திறந்து வெயிலை முகத்தில் வாங்கினேன். அவள் என் மடியில் இருந்தபடி என் கண்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்காகவாவது தாங்கியிருக்க வேண்டும். இமை இறங்கியது, இழுத்துத் திறந்தேன். மறுபடி இறங்கியது.

கன்னத்தில் சின்னக் கை படுவது தெரிந்தது. எழுப்பத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினாள்.

"போயிட்டு வாங்கம்மா. நான் பெரியம்மாகூட இருக்கேன்."