ராஜலக்ஷ்மி வார்த்த குண்டுகள்

அச்சிலிருந்து முதலில் விழும் ஐந்தாறு துப்பாக்கிக் குண்டுகளை ராஜலக்ஷ்மி பொருட்படுத்துவதே இல்லை. உடம்பெல்லாம் சுருக்கத்தோடு பிறக்கும் அவற்றை இடுக்கியால் எடுத்து, உருகிக் கிடக்கும் ஈயத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவார். "அச்சு இன்னும் தூங்கறது. டெல்லி குளிர்ல அது மட்டும் ஜல்தி முழிச்சுக்குமா என்ன?" என்பார். அச்சு நன்றாகச் சூடேறிய பிறகு விழும் குண்டு புது எவர்சில்வர் மாதிரி பளபளக்கும். அதைக் கண்டதும் அவர் முகத்திலும் ஒரு வெளிச்சம் வரும்.

ஜனக்புரியில் வீடு. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு வெளியே இருக்கும் ரைபிள் கிளப்பின் பின்னறையில்தான் இந்த வேலை. பருத்திப் புடவை, அதன்மேல் தடித்த ஏப்ரன், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, காலில் கேன்வாஸ் ஷூ. இதற்கான அனுமதிச் சீட்டு சுவரில் தொங்குகிறது. கணவர் கஸ்தூரிரங்கனின் பழைய ரைபிளுக்கு ஏற்ற தோட்டாவைக் கேட்டால் டெல்லித் துப்பாக்கிக் கடைக்காரர்கள் சிரிக்கிறார்கள். யாரும் தயாரிக்காததை வீட்டுக்காரியே தயாரிக்க வேண்டியதாயிற்று.

ஈயத்துக்கு மாயாபுரி காயலான் கடை. "ஜிங்க் கலந்தது வேண்டாம் பைய்யா" என்று ஒவ்வொரு கட்டியையும் நகத்தால் கீறிப் பார்ப்பார்; நல்ல ஈயமென்றால் கீறல் விழும். ஈயம் விஷமாயிற்றே; வேலை முடிந்ததும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, புடவை மாற்றாமல் தண்ணீர்ப் பாட்டிலைக்கூடத் தொடமாட்டார். "மாமியார் சொன்ன மடிய ஒரு நாளும் ஒழுங்கா பாத்ததில்ல. ஈயம் கத்துக்குடுத்துடுத்து!"

தோட்டாவின் பித்தளைக் கூடுகளில் வெடிமருந்தை அளந்து போடும்போது அவரோடு பேசக்கூடாது. பேசினால் அத்தனையையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் மருந்தின் மட்டத்தை டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் குண்டைப் பொருத்துவார்.

போன மழைக்காலத்தில் கஸ்தூரிரங்கனுக்குத் தோளில் ஆபரேஷன் ஆயிற்று. துப்பாக்கியின் உதை குறைவாக இருந்தால் சுடலாம் என்றார் டாக்டர். உதையைக் குறைக்க மருந்தைக் குறைக்க வேண்டும்; மனிதர் ஒப்பவில்லை. "மருந்தக் கொறச்சா அது ரைபிள் இல்லடி, தீபாவளித் துப்பாக்கி" என்று ரைபிள் பெட்டியைப் பூட்டிவிட்டு டிவி முன் உட்கார்ந்தார். காலை நடையும் போயிற்று, நண்பர்களின் சகவாசமும் போயிற்று. அவர் இப்படியே சுவரோடு சுவராக ஆகிவிடுவாரோ என்று ராஜலக்ஷ்மி உள்ளுக்குள் உருகிப்போனார்.

அப்புறம் ஒரு நாள் எடை குறைந்த குண்டை வார்த்து, அதற்கேற்ப மருந்தையும் குறைத்தார். "ஏன்னா, தோள்தான் ஆறிடுத்தே, இது ஒங்க பழைய அளவேதான்" என்று வீட்டில் சாதித்துவிட்டார். கிளப்பில் பயிற்சி கொடுக்கும் மதுமதி மட்டும் விஷயம் தெரிந்து, "ஆன்ட்டி, பொய் சொல்லலாமா?" என்று கேட்டாள். "கல்யாணமாகி இத்தன வருஷத்துல இதுதான் மொதப் பொய்யா என்ன? போடி!"

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறிய பிறகு கஸ்தூரிரங்கன் மேசையில் முழங்கை ஊன்றி, முதல் தோட்டாவைச் சுட்டார். தோள் லேசாக அசைந்தது. முகம் சுளிக்கவில்லை. ராஜலக்ஷ்மிக்கு அழுகையே வந்துவிட்டது. இலக்கைத் தொலைநோக்கியில் பார்த்த மதுமதிதான் மெதுவாகச் சொன்னாள்: "கறுப்பு வட்டத்துக்குக் கீழ போயிருக்கு, அங்கிள்."

தோளை யோசித்த ராஜலக்ஷ்மி இதை யோசிக்கவில்லை. வேகம் குறைந்த குண்டு தாழ்ந்துதான் போய் விழும். ரைபிளில் கண்ணருகே குறிபார்க்க உதவும் பின்குறியை ஒரு பல் உயர்த்தினால் சரியாகிவிடும். ஆனால் அந்தப் பின்குறியைக் கஸ்தூரிரங்கன் வருஷக்கணக்காகத் தொட்டதில்லை. அதைத் தொடத் தேவையில்லாதபடி ஒரே அளவில் சுடுவதுதான் அவருடைய பெருமை.

அவர் தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்த்தார். திரும்பி மனைவியைப் பார்த்தார். ராஜலக்ஷ்மி ஏப்ரனின் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்.

"ஏன்னா..." என்று ஆரம்பித்தார்.

கஸ்தூரிரங்கன் மேசைக்குத் திரும்பி, கட்டைவிரலால் பின்குறியை ஒரு பல் உயர்த்தினார். பிறகு தலையைத் திருப்பாமலே, அடுத்த தோட்டாவுக்காகப் பின்னால் கையை நீட்டினார்.