எட்னாவில் ஏற்றிய சூடம்

இத்தாலியில் எரிமலை உண்டென்று பள்ளியில் சொல்லித் தராமல் இருந்திருந்தால், என் தம்பி தாய்மாமன் மடியில் உட்கார்ந்தே காது குத்திக்கொண்டிருப்பான். பத்து வயதில் நான் செய்த காரியத்துக்கு இன்னமும் பள்ளிக்கூடத்தின் மேல் பழி போடுகிறேன். அது என் குணம்.

நாங்கள் அப்போது துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் இருந்தோம். பள்ளிக் கண்காட்சிக்கு ஆளுக்கொரு மத்தியதரைக்கடல் நாட்டைச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார்கள். அந்த நாட்டின் நிலமும் வளமும் தெரிகிற மாதிரி வரைபடம் செய்ய வேண்டும். எனக்கு இத்தாலி விழுந்தது. பெரிய போலிஸ்டிரின் நுரை அட்டை ஒன்றை மாமா எங்கிருந்தோ கொண்டுவந்தார். மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. லோரி ஓட்டும் வேலை போய், எங்கள் கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தவர். அம்மா கையுறைத் தொழிற்சாலைக்கும் அப்பா துறைமுகத்துக்கும் போய்விடும் சனிக்கிழமைகளில் என்னையும் எட்டு மாதத் தம்பியையும் பார்த்துக்கொள்வது அவர்தான்.

ஆல்ப்ஸ் மலைக்குக் கசக்கிய காகிதம். போ நதிச் சமவெளியில் வீட்டு அரிசியை ஒட்டினேன். “அங்கயும் நெல்லு போடுறாங்களா?” என்று அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். பளிங்குக்கு, கோயிலில் தரை மாற்றியபோது கிடந்த ஒரு சில்லு. சிசிலித் தீவின் கந்தகத்துக்குத்தான் வழி தெரியவில்லை. தீக்குச்சி மருந்தில் கந்தகம் இருக்கிறது என்று மாமா சொன்னார். இரண்டு பெட்டிக் குச்சிகளின் தலையை நறுக்கி, களிமண்ணில் செய்த எட்னா எரிமலையைச் சுற்றி நெருக்கமாக ஒட்டினோம்.

“நெருப்பு பக்கம் கொண்டு போயிடாதம்மா, பத்திக்கும் லா” என்றார்.

அந்தச் சனிக்கிழமை பசை தீர்ந்துவிட்டது. மாமாவை நச்சரித்துக் கடைக்கு அனுப்பினேன். தம்பி ஸ்பிரிங் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்திலேயே நாற்காலியில் இத்தாலி. எரிமலை சும்மா உட்கார்ந்திருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. சாமி மேடையிலிருந்து ஒரே ஒரு சூடத்தை எடுத்து எட்னாவின் வாயில் வைத்துக் கொளுத்தினேன்.

ஒரு நிமிடம் அழகாகத்தான் எரிந்தது. பிறகு புஸ்ஸென்று சிசிலி முழுவதும் பற்றியது. அட்டை உருகி, கரும்புகையோடு நெருப்பு வடக்கே ஏறியது. தொட்டில் சேலை அதற்கு ஒரு முழம் தள்ளித்தான் தொங்கியது. ஓடிப்போய்த் தம்பியைத் தூக்கவேண்டும் என்று தெரிந்தது. கால் வரவில்லை. கத்தவும் வரவில்லை. தம்பி இருமினான். அதைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.

மாமா எப்போது வந்தார் என்று தெரியாது. தம்பியைத் தூக்கி என் கையில் திணித்து வெளியே தள்ளினார். எரிகிற அட்டையை வெறுங்கையால் பிடித்து இழுத்து வாசல் சாக்கடையில் எறிந்தார். வலது உள்ளங்கை வெந்துபோனது.

அம்மா வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. நான் சாப்பிடவில்லை. என்னைக் கொண்டுபோய் ஏதாவது குழந்தைகள் இல்லத்தில் விட்டுவிடுவார்கள் என்று முடிவே செய்துவிட்டேன். கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் மாமாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன்.

கரி படிந்த சுவரைப் பார்த்து அம்மா கேட்டார். “யாரு கொளுத்துனது?”

“நான்தான்க்கா. சாமிக்குச் சூடம் காட்டினேன். அணைக்காம கடைக்குப் போயிட்டேன்.”

“பச்சப் புள்ளய தூங்க வச்சிட்டாடா?”

மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு. மறுநாள் காலையில் அவருடைய பை வாசலில் இருந்தது.

“வேலை கெடச்சிருச்சா மாமா?”

“கெடச்சிருச்சு லா. ரவாங்ல” என்றார். நானும் நம்பினேன்.

ஆறு மாதம் கழித்துத் தம்பிக்கு மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். பந்திங்கிலிருந்து வந்திருந்த ஒன்றுவிட்ட மாமாவின் மடியில் அவனை உட்காரவைத்தார் அம்மா. என் மாமா ஓரமாகத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கைப்புண்தான் காரணம் என்று நினைத்து அருகே போனேன்.

“இன்னும் ஆறலயா மாமா?”

“எப்பவோ ஆறிடுச்சு.”

“அப்புறம் ஏன் தம்பிய நீங்க மடியில வச்சிக்கல? அன்னிக்கு நான்தானே...”

“உஸ்! அம்மா காதுல விழப்போகுது” என்று அவசரமாக என் வாயில் ஒரு லட்டைத் திணித்தார்.

மாமாவுக்கும் என்னைப் போலவே அம்மாவிடம் பயம் என்று நினைத்துக்கொண்டு லட்டைத் தின்றேன்.