அது கட்டை இல்லை

டிராயிங் டீச்சர் பொய் சொன்னார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. முதலில் என்னிடம், அப்புறம் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டரிடம். மறுநாள் திரும்பவும் என்னிடம். அவர் இப்போது சேலத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஆனால் கண் தெரிகிறது, காது கேட்கிறது, தினமும் பேப்பர் படிக்கிறார். இதையெல்லாம் விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் இந்தப் பத்திரிகைக்கு எழுத உட்கார்ந்தேன். பதில் சொல்ல முடியாதவர்மேல் பழி போடுகிறேன் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

கொட்டச்சேடு போகிற வழியில் ஒரு காப்பி எஸ்டேட்டில் நாங்கள் இருந்தோம். அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா, நான், என்னைவிட ஐந்து வயது இளைய தங்கச்சி. மூன்று பேரும் அந்த எஸ்டேட்டில்தான் பழம் பறித்தோம், களை வெட்டினோம். டீச்சர் ஏற்காட்டில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் சொல்லிக்கொடுத்தார். புருஷன் இல்லாதவர், மகன் அப்போது ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தார். முதலாளியின் பிள்ளைகளுக்கு வீட்டுக்கே வந்து படம் சொல்லிக்கொடுத்ததால், பழைய பங்களாவில் ஒரு பக்கத்தை அவருக்குச் சும்மா விட்டிருந்தார்கள். அவருக்குச் சமைத்துப்போட ஆள் வேண்டும் என்றார்கள். எண்பதுகளின் கடைசியில் நான் அங்கே போனேன். எனக்கு இருபத்து நாலு வயது.

டீச்சர் பறவைகளைத்தான் வரைவார். பாஸ்டல் குச்சியில் வரைவார். பள்ளிக்கூட லீவு நாளில் விடிகிற நேரத்துக்கு அட்டையையும் குச்சிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஓடைக்கு இந்தப் பக்கம் இருக்கிற பாறைக்குப் போவார். எதிரே சரிவு. முன்னால் பறவையைக் கோட்டில் குறித்துக்கொள்வார். பின்னால் கண்ணில் படுகிறதை எல்லாம் அந்தந்த இடத்தில் அந்தந்த நிறத்தில் இழுத்துவிடுவார். மரம் என்றால் ஒரு கோடு, செடி என்றால் ஒரு பச்சைத் திட்டு. வீட்டுக்கு வந்ததும் பின்னணியைத் தேய்க்க வேண்டும். அதுதான் அவருக்கு முடியாது. அவர் உள்ளங்கை எப்போதும் வேர்த்துக்கொண்டே இருக்கும். பாஸ்டல் பொடியில் ஈரம் பட்டால் திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும், படம் போச்சு. ஒருநாள் டம்ளரை வாங்கும்போது என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "நல்லாக் காஞ்ச கையி. எனக்கு இது வாய்க்கலையே கண்ணு" என்றார். "பழம் பறிச்சுப் பறிச்சுச் செத்துப்போன கைங்க டீச்சர்" என்றேன். நொடியில் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து பின்னணி என் வேலை.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். குச்சியை உடைத்துப் படுக்கவைத்து இழுக்க வேண்டும். இருட்டு நிறம் முதலில், வெளிறின நிறம் பின்னால். அப்புறம் உள்ளங்கையின் ஓரத்தால் வட்டமாகத் தேய்த்தால் கோடுகள் எல்லாம் கரைந்து ஒன்றாகிவிடும். ஒரு நிறத்துக்கு ஒரு விரல். ஒவ்வொரு தடவையும் பழைய வேட்டித் துணியில் விரலைத் துடைக்க வேண்டும். பொடியை வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறிக்கும். வாசலுக்குக் கொண்டுபோய் அட்டையைத் தட்ட வேண்டும். எங்கேயும் ஓரம் தெரியக் கூடாது, ஓரம் தெரிந்தால் கண் அங்கே போய் நிற்கும், பறவையைப் பார்க்காது என்பார் டீச்சர். பளிச்சென்று வெயில் அடித்த காலையைக்கூட நான் பனி மூடின காலையாக ஆக்கிவிடுவேன். சேலத்துக்காரர்கள் அந்தப் பனிக்காகத்தான் படம் வாங்கினார்கள். தங்கச்சிக்கு இது பெரிய கேலி. "பனியத் தேய்க்கறதுக்கு ஒரு ஆளா? கதவத் தொறந்து வெச்சாப் போதும், அதுவா ஊட்டுக்குள்ள வந்து தேய்ச்சுட்டுப் போயிரும்" என்பாள். நான் பங்களாவிலிருந்து வரும்போது "வர்றாங்க பாரு பனியக்கா" என்று நாங்கள் குடியிருந்த லைன் வீடுகள் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்துவாள். அவள் வாய் அப்படி.

மழை, பனி நாட்களிலும் விறகு சுமக்கும்போதும் பெண்கள் சாக்கை மடித்துத் தலையிலிருந்து முதுகுவரைக்கும் தொங்கவிட்டுக்கொள்வார்கள். தங்கச்சியின் சாக்கில் நெற்றிக்கு நேராக ஒரு சிவப்புப் பட்டை இருக்கும். நான் தைத்தது. மேலே ஏறி நிழல் மரத்தைக் கழிக்கிறவனுக்குக் கீழே ஆள் நிற்பது தெரிய வேண்டும், கிளையைத் தலையில் போட்டுவிடக் கூடாது என்று என் பழைய பாவாடையைக் கிழித்துத் தைத்தேன். எஸ்டேட்டில் வேறு யாருக்கும் அந்தப் பட்டை கிடையாது.

அந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. நாலாவது நாள் காலையில் விட்டது. வானம் கழுவினது மாதிரி இருந்தது. நான் பங்களாவுக்குப் போகும்போது ஓடைக்கு அந்தப் பக்கச் சரிவில் ஒவ்வொரு மரமும் தனித்தனியாகத் தெரிந்தது. பனி இல்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பனி இல்லை.

அந்தச் சரிவில் முந்தின வாரம் கிளை கழித்துப் போட்டிருந்தார்கள். அதை விறகுக்கு எடுக்கக் கூடாது என்பது எஸ்டேட் உத்தரவு. ஆனால் எல்லாரும் எடுப்போம். காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தைப் பெரட்டுக்களம் என்போம். அந்தப் பெரட்டுக்கு முன்னாலேயே போய்க் கட்டுக் கட்டிப் புதருக்குள் ஒளித்துவைத்துவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரிப் பெரட்டுக்கு வந்து நிற்பது வழக்கம். சாயங்காலம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அன்றைக்குத் தங்கச்சி போனாள். காய்ச்சலில் படுத்திருந்த அம்மாதான் அனுப்பினாள், எனக்கு அது சாயங்காலம்தான் தெரிந்தது.

டீச்சர் பாறையிலிருந்து வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார். குடை இல்லை, பாறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். காப்பி கொடுத்தேன், வாங்கி வைத்துவிட்டுக் குடிக்கவில்லை. அட்டையின் ஓரத்தில் அவர் கை ஈரம் அப்படியே பதிந்திருந்தது. முன்னால் ஒரு கொண்டைக்குருவி, கோட்டில் மட்டும். பின்னால் சரிவு. வலது பக்கம் மேலே பழுப்பில் ஒரு குத்துக்கோடு. அதன் உச்சியில் பொட்டு வைத்த மாதிரிச் சிவப்பு.

"இது என்னங்க டீச்சர், ஆளுங்களா?" என்று கேட்டேன்.

"ஆளாவது ஒண்ணாவது. கட்டை. தேய்ச்சுவுடு கண்ணு."

"மேல செவப்பா இருக்குதுங்களே."

"பட்டுப்போன கட்டையில காளான் கீளான் இருக்கும். எல்லாத்தையும் நல்லாத் தேய்ச்சுவுடு. பின்னாடி ஒண்ணுமே தெரியப்படாது."

தேய்த்தேன். சாம்பல் நிறம் போட்டேன், வெள்ளை போட்டேன், கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். பழுப்பு உடனே கரைந்தது. சிவப்பு சுலபத்தில் போகாது, தாளின் சொரசொரப்புக்குள் இறங்கிக்கொள்ளும். அதற்கு மேலே இன்னும் வெள்ளை போட்டேன். நான் தைத்த பட்டையை, நான் தூக்கி வளர்த்த தங்கச்சியை, என் விரலாலேயே பனிக்குள் தேய்த்துவிட்டேன். அப்போது எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிக்கொண்டுதான் இத்தனை வருஷம் தூங்கப் பார்க்கிறேன். காளான் என்றதும் ஏன் நம்பினேன்? அந்தச் சிவப்பைப் பார்த்த உடனே ஏன் எனக்கு உறைக்கவில்லை?

பத்து மணிக்கு ரைட்டர் வந்தார். சரிவு பெயர்ந்து ஓடைவரைக்கும் இறங்கிக் கிடக்கிறது, பெரட்டுக்கு முன்னாலேயே இறங்கியிருக்கிறது என்றார். "டீச்சரம்மா காலையில அந்தப் பக்கந்தானுங்களே உட்காந்திருந்தீங்க. ஆள் யாராச்சும் கண்ணுல பட்டாங்களா? முதலாளி கேட்டுட்டு வரச் சொன்னாருங்க."

"ஒரே பனிங்க. எதுக்க இருக்கறதே தெரியல" என்றார் டீச்சர். அதோடு விடவில்லை. உள்ளே போய் அட்டையை எடுத்துவந்து அவர் முன்னால் நீட்டினார். "பாருங்க, இப்படித்தான் இருந்துச்சு. பனி மட்டுந்தான்."

ரைட்டர் பார்த்தார். "நொம்ப நல்லா வந்திருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றேன். என் பத்து விரலிலும் அந்தப் பனி ஒட்டியிருந்தது. காலையில் பளிச்சென்று இருந்ததே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தங்கச்சி வேலையில் இருக்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். படம் விற்கிறவருக்கு ஏதோ காரணம் இருக்கும், நமக்கென்ன என்று வாயை மூடிக்கொண்டேன். மண்வெட்டியோடு இருபது ஆள் தயாராக நின்றார்களாம். யாரும் இல்லை என்று ரைட்டர் சொன்னதும் அவர்களைப் பாதையில் கிடந்த மண்ணை மட்டும் அள்ளச் சொல்லிவிட்டார்கள்.

இனிமேல் என் அம்மாவின் பொய். அதையும் நானே எழுதிவிடுகிறேன், மற்றவர்கள் எடுத்துக்காட்ட வேண்டாம். சாயங்காலம் தங்கச்சி வரவில்லை. ரைட்டரிடம் ஓடினோம். வேலைக்கு வந்தவர்கள் பேர் குறிக்கிற செக்ரோலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு அவ பெரட்டுக்கே வரலியே. வெறகுக்குப் போனாளா?" என்று கேட்டார். அம்மா பட்டென்று, "இல்லீங்கய்யா, வெறகுக்கெல்லாம் போகலீங்க" என்றாள். விறகு எடுத்தது தெரிந்தால் லைன் வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்கள். அந்தப் பயம் ஊறிப்போன வாய். மகளைத் தேடுகிற நேரத்திலும் அதுதான் முதலில் வந்தது. விறகுக்கும் போகவில்லை, பெரட்டுக்கும் வரவில்லை. அப்புறம் எங்கே போயிருப்பாள்? வாழவந்திப் பக்கம் ஒரு லாரி கிளீனர் அந்த வாரம் வேலையை விட்டுப் போயிருந்தான். இரண்டையும் முடிச்சுப்போட ஊருக்கு ஒரு நாள் போதுமாக இருந்தது. சேலம் பஸ்ஸில் அவளைப் பார்த்தேன் என்று சொல்லவும் ஒருத்தி கிடைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் அம்மா உண்மையைச் சொன்னாள். பெரட்டுக்களத்தில் எல்லார் காலிலும் விழுந்தாள். "நேத்து இல்லைன்ன, இன்னைக்கு ஆமாங்கற. ஓடிப்போன பொண்ணுக்கு எஸ்டேட்டத் தோண்டச் சொல்றியா?" என்று ரைட்டர் கேட்டார். நான் டீச்சரிடம் ஓடினேன். அந்தக் கட்டை, அந்தச் சிவப்பு என்று அழுதுகொண்டே கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "மனசப் போட்டுக் கொழப்பிக்காத சாமி. அது கட்டைதான்" என்றார். முதலாளியின் ஜீப் வாசலில் நின்றது. எஸ்டேட்டில் ஆள் புதைந்தது என்று ஆனால் போலீஸ், நஷ்டஈடு என்று முதலாளிக்குத் தலைவலி. அந்தப் பங்களாவை விட்டால் அவருக்கும் போக இடம் கிடையாது என்பது எனக்குத் தெரியும். அம்மாவுக்கு இருந்த அதே பயம்தான். ஆனால் அம்மா மறுநாளே திருத்திச் சொன்னாள். இவர் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் அந்தச் சரிவில் புதுக் காப்பி நாற்று நட்டார்கள். அம்மாவும் நட்டாள். குழி தோண்டும்போது ஒவ்வொரு குழியிலும் கையை விட்டுத் துழாவிப் பார்ப்பாள். மேஸ்திரி சத்தம் போடுவான். நான் அதைப் பார்க்க முடியாமல் மலையை விட்டு இறங்கி அடிவாரத்தில் தையல் கடையில் சேர்ந்தேன். இன்றைக்கும் பனிக்காலத்தில் மேலே நிமிர்ந்து பார்க்க மாட்டேன். வெள்ளையாகத் தெரிகிற இடத்தில் எல்லாம் என் விரல் வட்டம் வட்டமாகப் போகிற மாதிரி இருக்கும். உள்ளே யாரோ நிற்கிற மாதிரியும் இருக்கும்.

கல்லறைத் திருநாளுக்கு எங்கள் மாதா கோயிலில் இறந்தவர்கள் பெயரை எழுதிக்கொடுத்தால் பூசையில் வாசிப்பார்கள். அம்மா வருஷா வருஷம் தங்கச்சி பெயரைக் கொடுத்தாள். வருஷா வருஷம் திருப்பிக் கொடுத்தார்கள். "எங்கயோ பிள்ளகுட்டியோட இருக்கற பொண்ணு. உசுரோட இருக்கறவ பேரச் செத்தவங்களோட படிக்கலாமுங்களா?" என்றார் சாமியாருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார். மற்றவர்கள் கல்லறையைக் கழுவி மெழுகுவர்த்தி ஏற்றும்போது, அம்மா ஒரு மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே ஏற்றுவது என்று தெரியாமல் நிற்பாள். தொண்ணூறுகளின் கடைசியில் அவளும் போய்விட்டாள். அவள் பெயரை வாசிக்கிறார்கள். மகள் பெயர் இன்றுவரை ஓடிப்போனவள் பெயர்தான்.

போன மாதம் என் கடைக்குத் துணி தைக்க வந்த ஒரு பெண் ஒரு புத்தகம் வைத்திருந்தாள். டீச்சரின் பறவைப் படங்களை மகன் புத்தகமாகப் போட்டிருக்கிறார். புரட்டினேன். அந்தக் கொண்டைக்குருவி முழுப் பக்கத்தில் இருக்கிறது. கீழே, சேர்வராயன் மலையில் பனிக்காலை என்று அச்சடித்திருக்கிறார்கள். வலது பக்கம் மேலே பனிக்குள் ஒரு இடம் லேசான ரோஸ் நிறத்தில் இருக்கிறது. பார்க்கிறவர்கள் வெயில் வரப்போகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். பனியில் ரோஸ் நிறம் கிடையாது. என் கை முழுசாக அழிக்காமல் விட்டது அது.

டீச்சர், நான் சட்டத்துக்குப் போகவில்லை. எஸ்டேட் கைமாறிவிட்டது, முதலாளியும் ரைட்டரும் இல்லை. உங்களை இனி யாரும் வீட்டைக் காலி பண்ணச் சொல்ல முடியாது. அந்தக் காலையில் பனி இருந்ததா? அந்தச் சரிவில் நின்றது ஆளா, கட்டையா? மண் இறங்கும்போது நீங்கள் பாறையில் உட்கார்ந்திருந்தீர்களா, முன்னாலேயே எழுந்து வந்துவிட்டீர்களா? எனக்குத் தனியாகக் கடிதம் எழுத வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம். வருகிற கல்லறைத் திருநாளுக்கு முன்னால், இதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டு, ஊர் முழுக்கப் படிக்கிற மாதிரிப் பதில் சொல்லுங்கள். அதைக் கத்தரித்துக் கொண்டுபோய் உபதேசியாரிடம் கொடுத்து என் தங்கச்சி பெயரை வாசிக்கச் சொல்ல வேண்டும். சொல்லுங்கள்.