வானம் பார்த்த தம்பதி

எங்கள் தெரு ட்ரோன்காரர் ஆள்காட்டி விரலை நாக்கில் நனைத்துக் காற்றில் நீட்டுகிறார். காற்றை அளக்கும் கருவி பையில் இருக்கிறது. இருந்தாலும் முதலில் விரல்தான். பிறகு ட்ரோனின் விசிறிகளை, குழந்தையின் பால்பல்லை அசைத்துப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்கிறார். கைப்பேசி வரைபடத்தில், விமான நிலையத்தைச் சுற்றி இருப்பதுபோல, அந்த இடம் சிவப்பாக இருந்தால் பறக்கத் தடை. பேச்சே கிடையாது, பெட்டியை மூடிவிடுவார்.

விற்பனைக்கு வரும் வீடுகளை மேலிருந்து படமெடுப்பது தொழில். தெருவில் பட்டப்பெயர் ‘ஏர்போர்ட்டு’. அதற்கெல்லாம் கோபம் வராது. “அந்தப் பக்கம்தான் நான் போறதே இல்லையே,” என்பார்.

மனைவி இல்லாமல் பறக்கவிட மாட்டார். அவர் திரையைக் கவனிக்கும்போது இன்னொரு ஜோடிக் கண் ட்ரோன்மேல் இருக்க வேண்டும். பறவை, மின்கம்பி, குறுக்கே வரும் ஆள், எதுவானாலும் அந்த அம்மா குரல் கொடுப்பார். குடித்தனத்தில் பாதி இப்படி அண்ணாந்தபடியேதான் நடக்கிறது.

“நேத்து உங்கக்கா பேசினது சரியா?”

“கம்பி இருக்கா பாரு.”

“கம்பி இல்லை. பேச்சை மாத்தாதீங்க.”

விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறவர்களில் பாதிப் பேர் யோசிக்கச் சோம்பல்படுகிறவர்கள் என்பது என் எண்ணம். இவரையும் அந்தப் பாதியில்தான் வைத்திருந்தேன், இவர் மகளின் கல்யாணம் வரை.

மண்டபத்துக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் இரு வீட்டாரும் திரண்டு நின்றார்கள். தலைக்கு நேர்மேலே நிறுத்தி ஒரு படம் வேண்டுமென்றார் சம்பந்தி. ஆட்களுக்கு மேலே பறக்கவிடுவதில்லை, காலியாக இருக்கும் புல்வெளிக்கு மேலே நிறுத்திச் சாய்வாக எடுக்கிறேன் என்றார் இவர். சம்பந்தியின் முகம் சுண்டிவிட்டது. நடக்காத விபத்துக்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் மகளிடமிருந்து வந்தது.

“அம்மா இல்லாத படம் எனக்கு எதுக்குப்பா?”

அம்மா படத்துக்குள் போனால் வானத்தைப் பார்க்க ஆளில்லை. மாப்பிள்ளையின் அண்ணன் தான் பார்த்துக்கொள்வதாக முன்வந்தார், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே. இவர் சிரித்துக்கொண்டே வேண்டாமென்று தலையசைத்தார். மகள் சிரிக்கவில்லை.

பிறகு, மனைவி காவலிருக்க, இவர் ட்ரோனைப் புல்வெளிக்கு மேலே ஏற்றி, திரையில் எல்லோரும் அடங்கும்படி சரிசெய்து, காற்றில் அசையாமல் நிறுத்தினார்.

“இப்ப நீ போய் அவ பக்கத்துல நில்லு. நான் மேலயே பாத்துக்கறேன். திரை பக்கம் திரும்ப மாட்டேன். படத்துல விழறது விழட்டும்.”

ட்ரோனுக்கு முன்பிருந்தே, முப்பது வருடமாகப் படமெடுக்கிறவர், என்ன விழுகிறதென்று பார்க்காமல் பொத்தானை அழுத்தினார். அதே நொடியில் கூட்டத்திலிருந்து மனைவியின் குரல்: “உங்க முதுகுப் பக்கம் பருந்து.”

ட்ரோன் மளமளவென்று புல்லில் இறங்கியது.

படத்தில் ஊரே சிரித்துக்கொண்டிருந்தது. நடுவில் மணப்பெண்ணின் அம்மா மட்டும் வாயைத் திறந்து, கையை நீட்டி, வானத்தில் எதையோ காட்டிக்கொண்டிருந்தார். இன்னொன்று எடுக்கலாமே என்றார் சம்பந்தி. பருந்து இன்னும் போகவில்லை. மகள் எட்டிப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. “இதையே பெருசாப் போடுங்கப்பா.”

வெயிலில் திரை தெரியவில்லை என்று மனைவி குனிந்தபோது, இவர் தன் உள்ளங்கையை அதன்மேல் கூரைபோலப் பிடித்தார்.