பேண்டு வாசிக்காமல் போன தெரு

என் தம்பி கனகராஜ் பெரியம்மையிலிருந்து உயிரோடு எழுந்தான். அப்போது அவனுக்கு ஏழு வயது. இடது கண் போன பிறகும் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம்கூட முழுதாக உட்காராதவன், செஞ்சிக் கடைத்தெருவில் சொந்தமாக வாடகை சைக்கிள் கடை வைத்தான். ஒற்றைக் கண்ணனுக்குப் பெண் தரமாட்டேன் என்ற தளவானூர்க்காரர் வீட்டிலேயே பெண் எடுத்தான். கடைசியாக, ராஜாங்கம் பேண்டு செட்டுக்குக் கொடுத்த வாழ்த்து மடலில் ஓர் இடம் பிடித்தான். முதல் நான்கும் எப்படி நடந்தன என்று எனக்குத் தெரியும். கடைசியை நினைத்தால்தான் இன்னும் குழம்புகிறது. அதனால் அதை மட்டும் ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

ராஜாங்கம் பேண்டு புதுச்சேரியிலிருந்து வரும். 1946இல் முதல் முறையாக எங்கள் பக்கம் வந்தது. அதன் பிறகு கல்யாணமானாலும் திருவிழாவானாலும் அவர்கள்தான். ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பெரிய மேளக்காரர் இறந்து அவர் மகன் வந்தார். கிளாரினெட் ராஜாங்கம் மட்டும் மாறவில்லை. அவர்கள் வாசிக்கும் இடமெல்லாம் கூடவே நடக்கும் ரசிகர் கூட்டம் ஒன்று செஞ்சியில் இருந்தது. என் தம்பி கடையைப் பூட்டிவிட்டு, சீயமங்கலம் வரை சைக்கிளில் போய்க் கேட்டுவிட்டு வருவான்.

இருபதாம் வருடம் அவர்களுக்குப் பாராட்டு விழா நடத்த முடிவு செய்தார்கள். ஜவுளிக்கடை கோதண்டராமன் செட்டியார் முன்னால் நின்றார். அந்த பேண்டை முதலில் கூட்டி வந்ததே அவருடைய கல்யாணத்துக்குத்தான். சிங்கவரம் மலைக்கோயிலில் தாலி கட்டி, எங்கள் தெரு வழியாக ஊர்வலம் போனார்கள். அந்த முதல் நாளில் பேண்டைப் பார்த்தவர்கள் மட்டும் வாழ்த்து மடலில் கையெழுத்துப் போட்டு மேடை ஏறலாம் என்று செட்டியார் சொல்லிவிட்டார். நானும் பார்த்தேன் என்றான் தம்பி. வம்பு அங்கே தொடங்கியது.

அன்று நான் ரவிக்கைத் துணி எடுக்க அவர் கடைக்குப் போயிருந்தேன். டீக்கடை செல்லப்பனும் என் தம்பியும் அங்கே இருந்தார்கள்.

"செவப்புக் கோட்டு போட்டுக்கினு வந்தாங்க. இப்பவும் கண்ணுல நிக்குது" என்றார் செல்லப்பன்.

"நீலம்யா. என் கல்யாணத்துக்கு வந்தவன் இன்னா கோட்டு போட்டான்னு எனக்குத் தெரியாதா?"

"மாப்ள அன்னிக்கு எங்க பேண்டப் பாத்தாரு? பொண்ணு காலத்தான பாத்துக்கினு வந்தாரு."

தம்பி குறுக்கே பேசினான். "கோட்டே கெடயாது. வெள்ளச் சட்ட. எங்க வூட்டாண்ட வரசொல்ல யாரும் வாசிக்கல. பெரிய மேளக்காரரு மேளத்தக் கொழந்த மாதிரி அணைச்சுக்கினு போனாரு. எதுலயும் இடிச்சு சத்தம் வந்துடப் போவுதுன்னு."

செட்டியாருக்கு முகம் மாறிவிட்டது. "என் கல்யாண ஊர்கோலத்துல பேண்டு நின்னு போச்சுன்றியா? அபசகுனமாப் பேசாத. நீ அப்ப அம்மை போட்டுப் படுத்துக் கெடந்த. இன்னாத்தப் பாத்திருப்ப?"

"படுத்துக்கினேதான் பாத்தேன் செட்டியாரே. ரெண்டு கண்ணும் இருக்கசொல்ல பாத்தது அது. அதுக்கப்புறம் ரெண்டு கண்ணால எதப் பாத்தேன்?"

செட்டியார் துணியை மடித்தார். எங்கள் ஊரில் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுவார்கள். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அந்த வாசலில் மேளம் கொட்டக் கூடாது, ஆத்தாளுக்கு ஆகாது. ஆனால் புதுச்சேரியிலிருந்து வந்தவர்களுக்கு அதை யார் சொல்லியிருப்பார்கள்? எங்கள் நைனா சொல்லியிருக்கலாம். அவர் இறந்து நாலு வருடமாகியிருந்தது.

"அக்காவக் கேளுங்க. பக்கத்துலயே இருந்துச்சு" என்றான் தம்பி.

எனக்கு அப்போது பதினொரு வயது. வேப்பங்கொத்தால் அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தேன். அவன் வாசலைப் பார்த்துப் படுத்திருந்தான், நான் அவனைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். தெருவை நான் பார்க்கவில்லை. ஆனால் கிளாரினெட் சத்தம் கேட்டது. இப்போதுகூட அந்தச் சத்தம் என் காதில் இருக்கிறது. இல்லாததை எப்படிச் சொல்வது?

"எனக்குப் பாட்டு கேட்டுச்சுப்பா" என்றேன்.

தம்பி என்னையே பார்த்தான். "கேட்டுச்சா?"

"பாத்தியா, அக்காவே சொல்லிடுச்சு" என்றார் செட்டியார்.

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். அப்போது செட்டியாருக்குச் சோற்றுக் கேரியர் கொண்டு வந்து உள்ளே உட்கார்ந்திருந்த அவர் மனைவி ரஞ்சிதம் எழுந்து வந்தார்.

"இரு கனகராஜு. பேண்டு நின்னுச்சு."

"உனக்கு இன்னா தெரியும்?" என்றார் செட்டியார்.

"கல்யாணப் பொண்ணு நான்தான? இருவது வருசமா யாரு என்னக் கேட்டீங்க? நீங்க எங்கிட்ட மொதமொதல்ல பேசனது எங்க, சொல்லுங்க பாப்போம்."

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"வேப்பில கட்டன வூட்டாண்ட. 'பசிக்குதா'ன்னு மெள்ளக் கேட்டீங்க. பேண்டு வாசிச்சுக்கினு இருந்தா அது என் காதுல வுழுந்திருக்குமா? உங்க கொரலு எப்படி இருக்கும்னே எனக்கு அப்பதான் தெரியும்."

செல்லப்பன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "பசிக்குதான்னு கேட்டாரா! நம்மள ஒரு நாளு கேட்டிருப்பாரா இந்த மனுசன்?"

செட்டியார் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி சரி, அவனயும் சேத்துக்கோங்க" என்றார்.

தம்பி ஜெயித்துவிட்டான். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நான் கேட்டது என்ன? தெருமுனை திரும்பிய பிறகு வாசித்தார்களா? வேறு வருடத்துப் பாட்டை அந்த நாளில் கொண்டுபோய் வைத்துவிட்டேனா? விழா அன்று ராஜாங்கத்திடமே கேட்டேன். வெள்ளைச் சட்டையா, கோட்டா என்பதையும் சேர்த்துக் கேட்டேன்.

"எத்தினியோ தெரு போயிருக்கோம்மா. நின்னும் இருப்போம், வாசிச்சும் இருப்போம். கோட்டு எப்ப தச்சோம்னே ஞாபகம் இல்ல" என்றார்.

வாழ்த்து மடலை மேசையில் விரித்தார்கள். என் தம்பியின் முறை வந்தபோது செல்லப்பன் கைநாட்டு வைக்கும் மைப்பெட்டியை நகர்த்தி வைத்தார். தம்பி அதை ஒதுக்கிவிட்டுப் பேனாவை எடுத்தான். அவனுக்கு எழுத வராது. ஆனால் தினமும் காலையில் துடைக்கிற தன் கடைப் பலகையின் எழுத்துகள் அவனுக்குத் தெரிந்திருந்தன. பலகையில் உள்ளபடியே, பெரிது பெரிதாக, 'கனகராஜ் வாடகை சைக்கிள்' என்று எழுதினான். அடுத்தவர்களுக்கு இடமே இல்லாமல் போனது.

"போதுமாக்கா?" என்று கேட்டான்.

"போதும்" என்றேன். அதன் கீழே தேதியை நான் போட்டேன்: 17-4-1966.